ராகு காலத்தில் காத்திருந்த மந்திரப் பிள்ளைகள்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். பிடிக்காத இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு முறைப்பாள்.

எல்லாம் ஒரு குரங்கால் வந்தது. லீவுக்குச் சென்னையிலிருந்து அம்மாவோடு வந்த பேத்தி, எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை ஏறியே தீருவேன் என்று போனாள். பாதிப் படியில் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடித்து இழுக்க, இவளும் விடாமல் இழுக்க, பாக்கெட் குரங்குக்குப் போனது, வலது கைக்கு மாவுக்கட்டு வந்தது. அந்தக் குரங்கைப் பிறகு நான் பார்த்தேன். அதே குரங்குதானா என்று மகள் கேட்கிறாள். முழி அப்படித்தான் இருந்தது.

கை உடைந்ததைவிடப் பேத்திக்கு வேறொரு கவலை. பள்ளித் தோழியிடம் ஒரு விளையாட்டுப் பெட்டி இரவல் வாங்கி வந்திருந்தாள். பவுடர் டப்பா மாதிரி திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. ஜப்பான்காரர்கள் செய்ததாம். உள்ளே மந்திரம் படிக்கிற பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய டீச்சர் காணாமல் போய்விட, பிள்ளைகளே தேடிக் கிளம்பிவிட்டார்கள். லீவு முடிந்த மறுநாளே பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் டீச்சர் கிடைக்காவிட்டால் கிடைக்காததுதான். குச்சியால் தொட்டு ஆடுகிற ஆட்டம் அது. இவளுக்கோ குச்சி பிடிக்கக் கை இல்லை.

"நீ என் கையா இரு ஆயா. நான் படிச்சுச் சொல்றேன், நீ தொடு" என்றாள்.

தொட்டேன். மந்திரம் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் உடம்பு ஒரு நொடி மின்னும். சரியாக அப்போது தொட்டால் மந்திரத்துக்கு வேகம் கூடும். அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுக்கிற நேரம்தான் அது. முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிரகம் உண்டு. மேல் திரையில் அவை சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிரகம் தன் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பலம். பேத்தி அதை விளக்க ஆரம்பித்ததுமே போதும் என்றேன். இவள் அம்மா கல்யாணத்துக்கு நான் அலைந்து பார்த்த ஜாதகம் கொஞ்சமா? ஜப்பானிலும் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்றதும் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

நெருப்புப் பையன் எங்கள் சின்ன மாமனார் மாதிரி, தொட்டதற்கெல்லாம் கோபம். தண்ணீர்ப் பெண்தான் என் செல்லம். தனக்கு அடிபட்டிருந்தாலும் எழுந்து மற்றவர்களுக்கு வைத்தியம் பார்ப்பாள். அவளுக்காக மேல்மலையனூர் அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்துகொண்டேன்.

பேத்தி சென்னைக்குக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டீச்சரை அடைத்து வைத்திருக்கிற கதவு வரைக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உள்ளே கடைசி எதிரி. தண்ணீர்ப் பெண்ணின் கிரகம் சரியாக அவள் வீட்டில் இருக்கிறது. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடு ஆயா என்றாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை. குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ராகு காலத்துல எந்தப் புள்ளயையும் சண்டைக்கு அனுப்பமாட்டேன். ஆறு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"ஆறு மணிக்கு பஸ்ஸு ஆயா."

"பஸ்ஸுக்கும் அப்பதான் நல்ல நேரம்."

அவள் பெட்டியை மூடப் போனாள். அதற்கும் நான் விடவில்லை. அத்தனை பிள்ளைகளை உள்ளே வைத்து மூடினால் காற்றுக்கு என்ன செய்வார்கள்? திறந்தே வைத்துவிட்டு, துணி மடித்து, வேர்க்கடலைப் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

அங்கே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தால், கிரகம் தன் வீட்டைவிட்டு எங்கோ போயிருந்தது. திறந்தே கிடந்ததில் சார்ஜும் இறங்கி, ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

திண்டிவனம் பஸ் வந்தது. மகள் ஏறினாள், பேத்தி ஏறினாள், செருப்பைப் பெஞ்சுக்கடியில் விட்டுவிட்டு நானும் ஏறினேன். நீ எங்கே வருகிறாய் என்று மகள் சத்தம் போட்டாள். அதற்குள் டீச்சர் இருக்கிற கதவைத் தொட்டுவிட்டேன். சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ஆயா, எங்க போவணும்?" என்று கண்டக்டர் வந்து நின்றார்.

"டீச்சர் கெடைக்கிற வரைக்கும்."

"அந்த ஸ்டாப்புல இது நிக்காது. அடுத்த ஸ்டாப்பு வல்லத்துல எறங்கிக்க."

நெருப்புப் பையன் விழுந்தான். மற்றவர்களும் விழுந்தார்கள். தண்ணீர்ப் பெண் மட்டும் பலம் குறைந்து நின்றாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் என் கையைத் தூக்கிப் போட்டது. பேத்தி இடது கையால் பெட்டியை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்ப் பெண் மின்னினாள், தொட்டேன். மறுபடி மின்னினாள், தொட்டேன். வல்லத்தில் விசில் ஊதும்போது எதிரி சரிந்தான். கதவு திறந்து டீச்சர் வெளியே வந்தார். வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் கண்டக்டர் என்னை இறக்கிவிட்டார்.

வெறுங்காலோடு நின்று திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தேன். செருப்பு பெஞ்சுக்கடியிலேயே இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். செருப்பும் பழசு.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. பெட்டி அணைவதற்குள் டீச்சர் பேசிவிட்டாராம்.

"இன்னா கேட்டாங்க தெரியுமா ஆயா? ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

செருப்பைக் கழற்றி வைத்தேன்.

"பஸ்ஸு லேட்டுன்னு சொல்லிடு."