கரை காஞ்சிருச்சா டீச்சர்?

செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது குதிகாலை ஆற்றங்கரை மண்ணில் அழுத்தி நிற்கிறேன். பின்னால் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. "கரை காஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்கிறார் பெரிய டீச்சர். இருபத்தாறு வயதில் என் மழைக்காலக் காலைகள் இப்படித்தான் தொடங்கின. எனக்கு இப்போது நாற்பத்தைந்து. இன்னமும் மழை விட்ட மறுநாள் ஒரு மண்பாதையைப் பார்த்தால் போதும், அந்தக் குரல் கேட்கும்.

நீடாமங்கலத்திலிருந்து தள்ளி, ஆற்றோரம் இருந்த ஈராசிரியர் பள்ளி அது. தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றது. மிச்சமிருந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கு இரண்டு வழி. தார் ரோடு ஊரைச் சுற்றி ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகும். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி குறுக்கே வந்துவிட்டால் அரைமணி நேரம் அம்போதான். கரை வழியாகப் போனால் கால்மணிதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். எங்கள் களிமண் நன்றாகக் காய்ந்தால் சிமெண்டுத் தரைதான். நன்றாக நனைந்தால் யாரும் வண்டியை இறக்கவே மாட்டார்கள், அதனால் ஆபத்தில்லை. இரண்டுக்கும் நடுவில் பாதி காய்ந்து கிடக்கும் பாருங்கள், அதுதான் ஆளை விழுங்குவது.

பெரிய டீச்சர் நாகப்பட்டினம் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். "மணலப் பத்திக் கேளுங்க, கண்ண மூடிக்கிட்டுச் சொல்றேன். இந்தக் களி எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது டீச்சர்" என்பார். நான் வலங்கைமான் பக்கத்து விவசாயி மகள். ஆகவே வண்டி அவருடையது, தீர்ப்பு என்னுடையது. குதிகாலை அழுத்தி எடுத்தால் குழி பளபளக்கக் கூடாது, காலில் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. சந்தேகம் வந்தாலே வேண்டாம் என்றுவிடுவேன். "உங்களக் கேட்டா அக்னி நட்சத்திரத்துலகூட ஈரம்னுதான் சொல்லுவீங்க" என்று கிண்டல் செய்வார். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லி அவர் ஒருநாளும் மீறிப் போனதில்லை. அந்த நம்பிக்கையே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அந்த ஆண்டு கோடையில் ஆற்றைத் தூர்வாரினார்கள். பொக்லைன் அள்ளிய சேற்றைக் கரைமேலேயே கொட்டிப் பரப்பிவிட்டுப் போனார்கள். வெயிலில் அது மேலே வெளுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பார்ப்பதற்குப் பழைய கரையைவிடக் காய்ந்த கரையாகத் தெரியும். அடியிலோ கூழ். டெல்டாவில் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். பள்ளி திறந்து சில நாள் கழித்து, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து இரண்டாம் நாள், கல்வி அலுவலர் ஒன்பதரைக்குப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் ஒரு தூறல் வேறு. கரைமுனையில் இறங்கினேன். அலுவலர் வருகிறாரே என்று கஞ்சி போட்ட புதுச் சேலை கட்டியிருந்தேன். பத்தடி நடந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கிடந்தது. செருப்பைக் கழற்றவில்லை, சேலையைத் தூக்கிச் செருகவில்லை, குதிகாலை வைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பெரிய டீச்சர் குனிந்து, வண்டியில் மாட்டியிருந்த பதிவேட்டுப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கரை காஞ்சிருச்சா டீச்சர்?" என்றார். "காஞ்சிருச்சு, போகலாம்" என்றேன். ஒரு சேலை அழுக்காகாமல் இருக்க நான் சொன்ன வார்த்தை அது.

பாதி தூரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முன்சக்கரத்துக்குக் கீழே அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். வண்டி ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. நான் வயல்பக்கம் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது கரையில் பெரிய டீச்சர் இல்லை. கீழே, புதுச்சேற்றில் இடுப்புவரை இறங்கி நின்றார். வண்டியின் ஹேண்டில் மட்டும் வெளியே தெரிந்தது. செத்தையும் நுரையுமாகத் தண்ணீர் அவர் விலாவைத் தொட்டு ஓடியது. அவர் காலை உதைக்க உதைக்க இன்னும் கீழே போனார். ஐயோ, அந்த முகம்! கடலைப் பார்த்து வளர்ந்தவர் இந்தச் சேற்றைப் பார்த்து வாயடைத்துப் போயிருந்தார். "டீச்சர், டீச்சர்" என்று கத்துவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னால் ஒரு உயிர் போகப்போகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நாற்றங்காலில் நின்ற பெண்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். "காலை உதைக்காதீங்கம்மா, மல்லாக்கச் சாயுங்க!" என்று ஒரு அம்மா அதட்டினார். என்னைப் பார்த்து, "நின்னுக்கிட்டே இருக்கியே, சேலைய அவுரு!" என்றார். அவிழ்த்தேன். வெறும் பாவாடையோடு நடுக்கரையில் நின்று, புதுச் சேலையின் ஒரு முனையை வீசி, எல்லோருமாகப் பிடித்து இழுத்தோம். உருவி எடுத்தபோது பெரிய டீச்சரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அலுவலர் வந்தார். "புதுச் சேறு கொட்டுன கரையில யாரும்மா போகச் சொன்னது?" என்று கேட்டார். "நான்தான் சார், அவசரப்பட்டுட்டேன்" என்றார் பெரிய டீச்சர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் எனக்கு மாறுதல் வந்தது, கல்யாணம் ஆனது, நானே தலைமையாசிரியையும் ஆனேன். பயம் மட்டும் போகவில்லை. நான் குதிகாலை வைத்தே பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தால்? பொங்கலுக்கு அவர் போன் செய்தாலே, இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று தோன்றும். சுருக்கமாகப் பேசி வைத்துவிடுவேன். நலம் விசாரிக்கக் கூப்பிடுகிற மனுஷியிடம் இப்படி ஓடி ஒளிந்தேன்.

போன மாதம் பொறுக்க முடியாமல் நாகப்பட்டினத்துக்கே போனேன். ஓய்வு பெற்று, காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார். காபி ஆறும்வரை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன். "டீச்சர், அன்னைக்கி நான் குதிகால வச்சுப் பாக்கவே இல்ல. சும்மாதான் காஞ்சிருச்சுன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். "பாத்தீங்களா?"

"பாத்தேன். செருப்பக்கூட கழட்டலயே நீங்க. பாத்துட்டுதான் பையச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். ஆபீசர் வர்ற அன்னைக்கி லேட்டாப் போனா என்ன ஆகுமோன்னு எனக்கு அவ்வளவு பயம். நீங்க போகலாம்னு சொல்லிரணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

பிறகு அவர் என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"போன் பண்ணா டக்குனு வச்சிருவீங்களே டீச்சர். தெரிஞ்சே உங்களயும் ஏத்திக்கிட்டுப் போனேன்னு கண்டுபிடிச்சிட்டீங்கன்னுதான் இத்தன வருஷமா பயந்துக்கிட்டிருந்தேன்."