தோள் வலியும் ஃபுட்வொர்க்கும்

என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாக பேட்மிண்டன் தவிர வேறெதையும் அவள் ஆடியதில்லை. பொங்கலன்றும் பயிற்சி, பரீட்சைக்கு முதல் நாளும் பயிற்சி. போன மாதம் வலது கையைத் தூக்க முடியாமல் நின்றாள். ஆவடியில் டாக்டரிடம் காட்டினோம்.

"ரெண்டு மாசம் ராக்கெட்டைத் தொடக்கூடாது. மத்த பசங்களோட சும்மா ஓடியாடி விளையாடட்டும்" என்றார்.

சேக்காட்டில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் கோச்சிடம் போய் இதைச் சொன்னேன்.

"ரெண்டு மாசம் உட்டா டச் பூடும் சார். தோள்தான வலிக்குது, காலு நல்லாத்தான கீது? டெய்லி வந்து ஃபுட்வொர்க் பண்ணட்டும்."

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஏறி என்ன பிரயோஜனம்? சரி சார் என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்கு நானேதான் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

டாக்டர் சொல்லியும் கிடைக்காத லீவு, கோச் வெளியூர் போட்டிக்குப் போனதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. எங்கள் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் போய் விளையாடேன்" என்றேன்.

அவள் அவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு யார்கிட்டப்பா பேர் குடுக்கணும்?"