ஸ்டீபண்ணாவைப் பெரிசாகப் பார்க்க ஒரு புரொஜெக்டர்

ஸ்டீபண்ணா... கடைசியில் நீ மாட்டிக்கிட்டே.

ஸ்டீபன் என் அண்ணன். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அவன் அசைவதும் சிரிப்பதுமாக எங்களிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் பந்தி வீடியோ. அம்மா அதை என் போனில் பார்ப்பாள். கண் சரியில்லை. பெரிசாக்க விரல் வைத்தால் வீடியோ நின்றுவிடும். "மூஞ்சியே தெரியலடா" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவாள்.

சுவர் அளவுக்கு அவனைக் காட்டிவிடலாமே? லேத் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவோடு தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன். இரண்டு குட்டி புரொஜெக்டர்கள். ஒன்று டம்ளர் மாதிரி, இன்னொன்று டிபன் பாக்ஸ் மாதிரி.

கடைக்காரர் முதலில் டம்ளரை எடுத்தார்.

"ஃபோர் கே சப்போர்ட்ணா."

"அப்போ சுவர்ல ஃபோர் கே தெளிவுல தெரியுமா?"

"ஃபோர் கே வீடியோ போட்டா ஓடும்ணா."

"ஓடும், சரி. தெரியுமா?"

"...ஓடும்ணா."

எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது.

டெமோ வீடியோ போட்டார். சுவரில் அருவி கொட்டியது. கிளி பறந்தது. அம்மா பொறுத்துப் பார்த்தாள். "எங்களுக்குக் குழாய்ல தண்ணி வந்தா போதும்பா. எம்புள்ளைய போடு."

போட்டோம். அண்ணன் பனிக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மாதிரி வெளிறிப்போய் இருந்தான். கடைக்காரர் லைட்டை அணைத்தார். அப்போதும் சட்டைதான் தெரிந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து டிபன் பாக்ஸ். முகம் வந்தது — கன்னத்துத் தழும்புகூட. அம்மா எழுந்து கிட்டே போனாள். அவள் நிழல் அவன்மேல் விழுந்தது. சட்டென்று ஒதுங்கினாள்.

"இவன் கை எங்கடா போவுது?"

பார்த்தேன். வீடியோவில் நான் திரும்பித் தண்ணீர் கேட்கிறேன். என் இலையிலிருந்த லெக் பீஸ், சத்தமில்லாமல் அண்ணன் இலைக்குக் குடிபோகிறது!

எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த மாமா பையன் டேவிட்தான் எடுத்தான் என்று மாசக்கணக்கில் அவனோடு பேசாமல் இருந்தவன் நான். எனக்காக டேவிட்டிடம் சண்டைக்குப் போனது யார்? சாட்சாத் ஸ்டீபண்ணா.

அம்மா சிரித்தாள். அவன் போன பிறகு முதல் தடவை. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத பேக் பண்ணட்டும்ணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "திருடுறது எதுல தெரியுதோ, அத குடு."

நினைவு நாளன்று ஊரப்பாக்கம் வீட்டுச் சுவரில் போடப்போகிறோம். டேவிட்டையும் கூப்பிட்டிருக்கிறேன்.

நீங்களும் எங்கள் ஸ்டீபனுக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்கள். அப்படியே... மேலே பரலோகப் பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவருக்கும்.