தீவில் நான் திறக்காத கதவு

தொண்ணூற்றெட்டில் மகள் கல்யாணம் முடிந்த கையோடு, காஞ்சிபுரத்துக்காரர்களான நானும் மனைவியும் அந்தமானுக்குக் கப்பல் ஏறினோம். பட்டு நெய்கிறவர்கள் நாங்கள். தீவை நெருங்கும்போது கடலைப் பார்த்தவள், "இன்னாங்க, மயில் கழுத்துக் கலர்ல இருக்குது பாருங்க!" என்று சிரித்தாள்.

அங்கிருந்து படகில் ஒரு குட்டித் தீவுக்குப் போனோம். தங்க இடமா கிடைக்காது என்று நானே முடிவு செய்திருந்தேன். இருந்த ஒரே விடுதியும் நிரம்பியிருந்தது. திரும்பும் படகு மறுநாள்தான். கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண், "எங்க வீட்ல தங்கிக்கோங்கண்ணே. நாங்க பக்கத்துல படுத்துக்கறோம்" என்றாள். ஒற்றை அறை வீடு. முன்பின் தெரியாதவள் என்று, தாழ்ப்பாள் போட்டுப் பெட்டியையும் கதவை ஒட்டி நகர்த்தி வைத்தேன்.

அலைச் சத்தத்தில் வீடே மெல்ல மிதப்பது போலிருந்தது. விடியற்காலையில் மழை பிடித்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். மனைவி எழப்போனாள். "சும்மா இரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் வந்ததும் திறந்தேன். எதிரே ஓலைக் கொட்டகையில் அந்தப் பெண்ணும் கணவனும் பிள்ளைகளும் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள வர்றதுக்குத் தட்டுனியாம்மா?" என்றேன்.

"இல்லண்ணே, தலைமாட்டுல கூரை ஒழுகும். பாயைத் தள்ளிப் போட்டுக்கோங்கன்னு சொல்லத்தான் தட்டினேன். நல்லாத் தூங்கினீங்களா?"

"அசந்துட்டோம்மா" என்று பொய் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவு அழகான தீவில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாமல் போனது அந்த முகம் ஒன்றுதான்.