மனெயும் மனையும்

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில், மைசூரில் கால்வாய் ஓரத்துக் குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வீடிழந்தவர்களை மாநகராட்சி ஒரு சமுதாயக் கூடத்தில் தங்கவைத்தது. செய்தி சேகரிக்க நான் அங்கே போயிருந்தேன்.

சுவரோரம் தன் குடிசையின் மூங்கில் கம்புகளையும் தகரங்களையும் சாய்த்துவிட்டு ஒரு பெண் காவல் இருந்தாள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னொரு குடும்பம் படுக்க இடம் வேண்டும், கம்புகளை வெளியே எறி என்று மாநகராட்சி அதிகாரி சைகையும் கன்னடமுமாக வற்புறுத்தினார்.

"மனெ கொட்தீவம்மா, மனெ! கம்பு யாக்கெ?"

"மனைய குடுத்தா கம்பு வேணாமா சார்? வானத்தப் போத்திக்கிட்டா படுக்கறது?"

கூடம் சிரித்தது. கன்னடத்தில் மனெ என்றால் வீடு; வீடு தருகிறோம், கம்பு எதற்கு என்றுதான் அவர் கேட்டார். அவள் காதில் விழுந்தது வெறும் நிலம். நான் அதைச் சொன்னேன்.

"கட்டின வீடா சார்? எங்களுக்கா?"

அதிகாரியிடம் கேட்டேன். ஊருக்கு வெளியே ஓர் அறை, வேறு ஏற்பாடு ஆகும்வரை மட்டும் என்றார். அந்த ஏற்பாடு எப்போது ஆகும் என்பது மேலிடத்துக்குத்தான் தெரியுமாம். அப்படியே தமிழில் சொன்னேன்.

"அப்போ கம்பு இருக்கட்டும் சார்."

கம்புகளைத் தான் படுக்கும் இடத்தில் தரையில் நெருக்கமாகப் பரப்பி, மேலே தகரத்தைப் போட்டு, அதன்மேல் தன் பாயை விரித்தாள். சுவரோரம் காலியானது. அந்த இன்னொரு குடும்பத்தைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.