தூங்கும் பிள்ளையை எழுப்புகிறவர்

மலாயாவில், ஈப்போ நகரில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டில் எங்களோடு கார்த்திகேசு என்றொரு மூத்த டிரசர், டாக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுப்பவர், வேலை பார்த்தார். மத்தியானம் தூங்குகிற பிள்ளைகளைக் கன்னத்தில் தட்டி எழுப்பிவிடுவார். பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போவார். தாய்மார்கள் வாயில் வந்தபடி திட்டுவார்கள்.

முன்பு அவர் வார்டு வேலையோடு, டிரசர் வேலைக்குப் படிக்கும் பையன்களுக்கு வாத்தியாராகவும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மகா கண்டிப்பு. ஒரு பரீட்சையில் இளையதம்பி என்பவனின் சட்டைக் கைமடிப்புக்குள் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டார். குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் அளவு. பிடிபட்டவனைப் படிப்பைவிட்டே துரத்தவேண்டும் என்பது சட்டம். அப்படி இரண்டு பேரைத் துரத்தியவரும் அவரே. ஆனால் இளையதம்பி அவருடைய ஊர், பக்கத்து வளவு வீட்டுப் பையன்.

"மாஸ்டர், துரத்திப்போடாதையுங்கோ. அம்மா உயிரை விட்டிடுவா."

"எழுத்துப் போகச் சட்டையைத் தோய். இனியாவது ஒழுங்காப் படி" என்று விட்டுவிட்டார். ஊர்ப்பாசம் கண்ணை மறைத்தது, வேறென்ன.

இளையதம்பி தேறி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு டிரசராகப் போனான். மறுவருஷம் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வீரம்மா, காய்ச்சல் கண்ட கைப்பிள்ளையோடு எங்கள் வார்டுக்கு வந்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கார்த்திகேசு பேச்சுவாக்கில் கேட்டார்.

"மூத்தவன் போயிட்டான்யா. வயித்துப்போக்கு. எளையதம்பி டிரசரு அபின் மருந்து குடுத்தாரு. குடிச்சதும் அழுகை நின்னுச்சு, நல்லாத் தூங்குனான். எந்திரிக்கவே இல்ல."

"எவ்வளவு குடுத்தவர்?"

"எம் புருசனுக்கு ஊத்துற அதே அளவுதான். தங்கமான மனுசரு, எங்ககூட சேந்து அழுதாரு."

பெரிய ஆளுக்கான அளவு. படிக்கவேண்டிய பாடம் சட்டையோடு வெளுத்துப்போயிருந்தது.

அன்றே பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். இளையதம்பிக்கு வேலை போயிற்று. இவருக்கு வாத்தியார் பதவி போயிற்று. வீரம்மாவிடம் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. பாவம், ஒவ்வொரு நாளும் அவள் கட்டில்வரை போவார், காய்ச்சலைப் பார்ப்பார், திரும்பிவிடுவார்.

காய்ச்சல் விட்ட மத்தியானம் அந்தப் பிள்ளை அயர்ந்து தூங்கியது. கார்த்திகேசு ஓடிவந்து அதை உலுக்கினார். அந்தப் பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

"இப்பத்தானேய்யா கண்ணசந்தான். ஏன் எழுப்புறீங்க?"

"அழட்டும் பிள்ளை. கொஞ்ச நேரம் அழட்டும்."

பிள்ளை அழுதது. அவரும் அழுதார். வீரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் மூத்தவன நெனச்சா அழுறீங்க? நீங்க நல்லா இருக்கணும்யா" என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.