மூடி திறக்கும்வரை

அந்தக் காலையில் நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு முதல் மாடி வீடு. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அந்த வீட்டு மாமா கிடக்கிறார். முந்தைய நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். சுற்றிலும் உறவுக்காரர்கள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிற நேரம். எட்டு மணிக்கு உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. மாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மாத்திரை போட்டுக்கோ" என்றது.

ஒரு பெண் வீல் என்று அலறினாளாம். யாரோ ஒருவர் எழுந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக மாமாவின் வாயை எட்டிப் பார்த்தாராம். அதற்குள் இரண்டாம் தரமும் குரல் வந்தது. மாமி யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனார். அலமாரியில் இருந்த மாத்திரைப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் குரல் நின்றது. மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெட்டி நான் செய்வித்தது. அன்று அடையாறில், நான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரியின் மாடி அறையில், இரண்டாம் அழைப்பிலேயே மாமி மூடியைத் திறந்துவிட்டார் என்று கணினியில் வந்திருந்தது. எவ்வளவு ஒழுங்கான மனுஷி என்று மெச்சிக்கொண்டே காப்பி குடித்தேன். மாமா போனது எனக்கு அப்போது தெரியாது.

ஆராய்ச்சிக்கு முன்னால் மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, காலை, ராத்திரி என்று மேலே எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புவேன். எல்லாரும் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது பாதி அப்படியே இருக்கும். "மறந்தே போச்சும்மா" என்பார்கள். ரசத்துக்குப் பெருங்காயம் போட மறக்காதவர்களுக்கு இது மட்டும் எப்படி மறக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் கொஞ்சம் முன்கோபக்காரிதான். மருந்தைக் கொடுப்பதோடு நம் வேலை முடியவில்லை, அது தொண்டைக்குள் இறங்கும்வரை நம் வேலைதான் என்று பிடிவாதமாக ஆராய்ச்சியில் சேர்ந்தேன்.

முதலில் செய்த பெட்டி கீக்கீ என்று கத்தியது. வீட்டில் குக்கர் கத்துகிறது, வாஷிங் மெஷின் கத்துகிறது, போன் கத்துகிறது. அந்தக் கூட்டத்தோடு என் பெட்டியும் சேர்ந்து கத்தியதே தவிர, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகுதான் மனிதக் குரல் என்ற யோசனை வந்தது. நோயாளி யார் சொன்னால் கேட்பாரோ அவர் குரலையே பதிந்துவிடுவது. நேரம் வந்ததும் பெட்டி அந்தக் குரலில் கூப்பிடும். மூடியைத் திறந்தால் நிற்கும். திறக்காவிட்டால் நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்து, அரை மணி நேரம் கழித்துத் தானாக ஓயும். எத்தனையாவது அழைப்பில் மூடி திறந்தது என்பது என் கணினிக்கு வந்துவிடும். தொந்தரவு தாங்காமலாவது எழுந்து போய்த் திறப்பார்கள் என்பது என் கணக்கு.

தி.நகரில் ஒரு சந்துக்குள் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஒருவர்தான் பெட்டிகளைச் செய்து கொடுத்தார். நான் விவரம் சொன்னதும், "இன்னா மேடம், பொண்டாட்டி நச்சரிப்ப டப்பாவுல அடச்சி விக்கப் போறியா? அது வூட்ல சும்மாவே கீதே" என்றார். சிரித்துக்கொண்டே செய்தாலும் வேலை சுத்தமாக இருந்தது.

ஒரு விதி போட்டிருந்தேன். பதிவு, நோயாளியின் பெயரில்தான் தொடங்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருந்தால், 'ஏய்', 'இந்தா' என்று கூப்பிட்டு யார் மாத்திரையை யார் விழுங்குவது? அந்த விதியால்தான் மயிலாப்பூர் மாமா மாட்டிக்கொண்டார்.

மாமாவும் மாமியும் எனக்குக் கடையில் பழக்கமானவர்கள். மாமா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பிவிட்டது. அப்படி ஆனால் இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டி உண்டாகும். அது மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. விடவே கூடாத மாத்திரை.

பதிவு செய்யப் போன அன்று மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரு, மாத்திரை போட்டுக்கோன்னு சொன்னாப் போறாதா?"

"போதாது மாமா. பேர் வேணும்."

"நான் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையேம்மா. இங்க பாருன்னா வந்துடுவா."

"என் பேரைக் கல்யாணப் பத்திரிகையில பாத்திருப்பார். அதோட சரி" என்றார் மாமி, சமையலறையிலிருந்து.

மாமா தொண்டையைச் செருமினார். ஒரு தரம் பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிட்டார். ஒரு தரம் சிரித்துவிட்டார். மாமியைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரே மூச்சில், மெல்ல, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வகுப்பில் அதட்டுகிற குரலை எதிர்பார்த்திருந்த எனக்கு அந்தக் குழைவு தூக்கிவாரிப் போட்டது. முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமி கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். சிரிக்கவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அதில் உரிமை இல்லை.

மாமா இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காரியங்கள் எல்லாம் முடிந்து பிள்ளை திரும்பிப் போன பிறகு, மாமியின் மூடி திறக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போவதைக் கணினியில் கவனித்தேன். முதலில் ஐந்தாறு அழைப்புகள் தாண்டின. பிறகு இருபது. பிறகு சில நாள் திறக்கவே இல்லை. துக்கத்தில் இருக்கிறார், மறதி, தூக்கம் வராமல் விடியற்காலையில் அயர்ந்துவிடுகிறார் என்று நானாகவே காரணம் கற்பித்துக்கொண்டேன். ஒரு நாள் காலை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று எட்டு மணிக்கு முன்னால் போய் நின்றேன்.

மாமி குளித்து, நல்ல புடவை உடுத்தி, தலை வாரிக்கொண்டு, சமையலறையில் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் தயாராக இருந்தது. ஊருக்குப் போனவர் இப்போது வந்துவிடுவார் என்று காத்திருப்பவர் மாதிரி இருந்தது. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

எட்டு மணிக்கு மாமா கூப்பிட்டார். மாமி அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். மாமியின் முகம் லேசாக மலர்ந்தது. மூன்று, நான்கு.

"மாமி, திறங்க."

"இருடி."

"மாத்திரை போடணும் மாமி."

"திறந்தாப் போயிடுவாரே" என்றார் மாமி, என்னைப் பார்க்காமலே. "போட்டுண்டா சமத்துன்னு விட்டுடுவார். போட்டுக்கலைன்னாத்தானே கூப்பிட்டுண்டே இருப்பார்."

பயந்தேன் என்றே சொல்கிறேன். மூடி திறக்கும்வரை விடாமல் கூப்பிட வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்து யோசித்து வைத்தவள் நான். ஒருவரை மாத்திரை போட வைப்பதற்காகச் செய்த ஒவ்வொன்றும் அவரைப் போடாமல் இருக்க வைத்திருந்தது.

"குரலை உங்க போன்ல போட்டுத் தரேன். எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்" என்றேன்.

"நானா அமுக்கிக் கேட்டா அவர் கூப்பிட்டதா ஆகுமா? நான் கூப்பிட வெக்கறதான்னா ஆயிடும்."

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "குரலை மாத்துங்க. இல்லைன்னா அவங்கள ஸ்டடியிலேர்ந்து எடுத்துடுங்க" என்றார், தலையைத் தூக்காமல். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. நான்தான் இன்று செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தயங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குப் போய், கெஞ்சி, நானே மூடியைத் திறந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். நான் போக முடியாத நாள்களும் இருந்தன.

அப்படி ஒரு இடைவெளி விட்டுப் போனபோது, காப்பி கலந்துகொண்டே மாமி சொன்னார்: "நேத்து டம்ளர் கைலேர்ந்து நழுவிடுத்துடி. வாய் ஒரு பக்கமா இழுத்துண்டுது. செத்த நாழில சரியாப் போயிடுத்து, விடு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, கட்டி வந்து தானாகக் கரைந்திருக்கிறது, அடுத்தது இவ்வளவு தயவு காட்டாது என்றார் டாக்டர். மாமிக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். மாமி விட்டத்தில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கூட்டிவந்ததும் பெட்டியை எடுத்து என் பைக்குள் வைத்தேன். நாள்வாரியாக அறை பிரித்த, வாய் பேசாத ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளை நிரப்பி அலமாரியில் வைத்தேன். மாமி கத்துவார், தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அன்னிக்கு நாலு பேர் சேந்து தூக்கிண்டு போனா. இன்னிக்கு நீ ஒருத்தியே."

படியிறங்கும்போது அழுதேன். கோபத்தில் அழுதேனா, வேறு எதிலா என்று தெரியவில்லை.

அடுத்த நோயாளிக்குக் கொடுக்க, பழைய குரலை அழிக்க வேண்டும். தி.நகர் கடைக்கு எடுத்துப்போனேன். அவர் பெட்டியைத் தன் கருவியில் மாட்டி ஒரு தரம் கேட்டுப் பார்த்தார்.

"யாரு மேடம் இந்தப் பெர்சு?"

சொன்னேன். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை. பெட்டியைத் துடைத்து என் பக்கமே நகர்த்தினார். "வேற டப்பா வோணா செஞ்சி தரேன் மேடம். இத என் கையால அழிக்க மாட்டேன், ஆமா."

அடையாறில் என் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். மறுநாள் எட்டு மணிக்கு அது கூப்பிடும் என்று தெரியும். தெரிந்திருந்தும், கூப்பிட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் போன் அடித்தது. மாமி.

"அங்க கூப்பிடறாரா?"

"கூப்பிடறார் மாமி."

"திறந்துடாதே" என்றார்.

எனக்கு அந்த நிமிடத்தில் எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. "நீங்க மாத்திரை போட்டீங்களா? போட்டாத்தான் திறக்காம இருப்பேன்."

"மிரட்டறியா?"

"ஆமா."

டப்பா திறக்கும் சத்தமும், தண்ணீர் விழுங்கும் சத்தமும் கேட்டன. "போட்டுண்டேன். போனை அவர் கிட்டக்க வை" என்றார். வைத்தேன். ஓயும்வரை கேட்டார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் எட்டு மணிக்கு மாத்திரை அவர் வீட்டில், குரல் என் வீட்டில். போய்ப் பார்க்கும்போதெல்லாம் டப்பாவில் காலியாக இருக்க வேண்டிய அறை காலியாக இருந்தது. கை நழுவல், வாய் இழுப்பு எதுவும் திரும்ப வரவில்லை. இதை ஆய்வேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லை.

ஆனால் எனக்கு ஏதோ ஆகத் தொடங்கியிருந்தது. நான் தனியாக இருப்பவள். அம்மா போன பிறகு என் வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எட்டு மணிக்குள் குளித்துவிட்டுத் தயாராக இருக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் தாமதமாகிவிட்டது, குளியலறையில் இருந்தபோதே குரல் வந்துவிட்டது. "இதோ வரேன்" என்று பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு குழாயை மூடிவிட்டு, ஈரத்தோடு அப்படியே நின்றேன். யாருடைய பெயருக்கு நான் பதில் சொன்னேன்? வெளியே மாமா திரும்பத் திரும்ப மாமியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வேளச்சேரிப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், கல்லூரிக்கு விடுமுறை. அன்றும் மாமி சரியாக போன் செய்தார். "போட்டுண்டுட்டேன்" என்றார். நான் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தரம் கூப்பிட்டது. மழை இரைச்சலுக்கு நடுவே போனிலிருந்து மாமி ஏதோ சொல்வது கேட்டு, எடுத்துக் காதில் வைத்தேன்.

"போறும்டி."

"என்ன மாமி?"

"பாவம், எத்தனை நாழி கூப்பிடுவார், தொண்டை கட்டிக்கும். நான்தான் போட்டுண்டுட்டேனே. அது அவருக்குத் தெரியாண்டாமா? மூடியைத் திற. நாளைலேர்ந்து நான் போன் பண்ணலை. நானே போட்டுண்டுடுவேன், நீ கவலைப்படாதே."

போனை வைத்துவிட்டார். சொன்னபடியே மறுநாளும் போட்டுக்கொண்டார், இன்றுவரை தவறாமல் போட்டுக்கொள்கிறார்.

அன்று போன் அடங்கியதும் நான் மூடியின் மேல் கை வைத்தேன். உள்ளே மாத்திரை எதுவும் இல்லை. திறந்தால் குரல் நிற்கும், அவ்வளவுதான். மாமா மறுபடி கூப்பிட்டார். நான் கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தேன்.